நட்சத்திரத்துக்கு எடை போட்ட மயிலாப்பூர்க்காரர்



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை எனக்கு வந்தது. நான் எழுதப் போவது சுப்ரமணியன் சந்திரசேகர் அவர்களைப் பற்றி. இவரைப் பற்றிப் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். இயற்பியலுக்கு நோபல் பரிசு, 1983. அதை நாமும் மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கிவிட்டு மறந்து விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கோடை விடுமுறையில் மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போனபோது சித்தப்பா என்னைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனார். அடையாறு பக்கம்தான். திரும்பி வரும்போது ராதாகிருஷ்ணன் சாலையில் பஸ் டிராஃபிக்கில் நின்றது. அப்போது சித்தப்பா, இந்த ரோட்டில்தான் ஒரு பையன் இருந்தான், நட்சத்திரம் எப்படிச் சாகும் என்று அவன்தான் கணக்குப் போட்டான் என்றார். நட்சத்திரம் சாகுமா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். லாகூர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா சுப்ரமணிய ஐயர் ரயில்வேயில் பெரிய கணக்கு அதிகாரி. அம்மா சீதாலட்சுமி. மொத்தம் பத்துப் பிள்ளைகள், அதில் இவர் மூன்றாவது, மகன்களில் மூத்தவர். சர் சி.வி. ராமன் இவருடைய சித்தப்பா. அம்மாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தபடியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, இப்சன் என்பவர் எழுதிய ஒரு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இதையும் செய்தார் என்றால் எப்போதுதான் தூங்கினாரோ!

குடும்பம் 1918-ல் சென்னைக்கு வந்தது. 12 வயது வரை சந்திரசேகருக்கு வீட்டிலேயேதான் பாடம். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1924-ல் மயிலாப்பூரில் அப்பா சந்திர விலாஸ் என்ற வீட்டைக் கட்டினார். அந்த ரோட்டுக்கு அப்போது எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெயர். அதுதான் இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. நேரே போனால் கடற்கரை. 1925-ல் அந்தக் கடற்கரையைப் பார்த்தபடி இருக்கிற பிரசிடென்சி கல்லூரியில், அதாவது மாநிலக் கல்லூரியில், சேர்ந்தார். மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகணும் என்பது அப்பாவின் ஆசை. இவருக்கோ கணக்கு மேல்தான் ஆசை. கடைசியில் இயற்பியல் ஆனர்ஸ் எடுத்தார். ஆனா கணக்கு வகுப்பிலும் போய் உட்கார்ந்துகொள்வாராம்!

1928-ல் ஜெர்மனியில் இருந்து சாமர்ஃபெல்டு என்ற பெரிய விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை முழுக்கப் படித்திருந்த சந்திரசேகர் தைரியமாக அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழையதாகி விட்டது, அணுவைப் பற்றிப் புதுக் கொள்கை வந்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். நமக்கு யாராவது இப்படிச் சொன்னால் அழுகையே வந்துவிடும். இவர் அந்தப் புதுக் கொள்கையை உட்கார்ந்து படித்தார். அடுத்த வருடமே இவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அப்போது இன்னும் கல்லூரி மாணவர்தான். கட்டுரைப் போட்டி ஒன்றில் இவருக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம், நட்சத்திரங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று எடிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எழுதியது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வருவார்.

அரசாங்க உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்துக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது. போக வேண்டாம் என்று சொன்னவர்கள் பலர். போயே ஆகணும் என்று சொன்னது அந்த அம்மாதான். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த வருடமே அம்மா இறந்துவிட்டார். மகனால் வந்து பார்க்க முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

அந்தக் கப்பலில்தான் அந்தக் கணக்கு நடந்தது. அதைப் புரிந்துகொள்ள நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்று முதலில் தெரியணும்.

நம் சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். உள்ளே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டே இருப்பதால் அது எரிகிறது. அந்த வெப்பம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கிறவரை நட்சத்திரம் நிம்மதியாக இருக்கும். எரிபொருள் தீர்ந்தால்? இன்னும் சுமார் 500 கோடி வருடம் கழித்துச் சூரியன் உப்பிப் பெரிதாகிச் சிவப்பு அரக்கனாக மாறும். பிறகு மேலே இருக்கிற வாயு எல்லாம் கழன்று வெளியே போய்விடும். நடுவில் பூமி அளவே உள்ள ஒரு சூடான உருண்டை மிஞ்சும். அதற்கு வெண்குள்ளன் என்று பெயர். அதில் ஒரு ஸ்பூன் எடுத்தால் பல டன் எடை இருக்கும். ஒரு லாரி லோடு ஒரு ஸ்பூனில்!

எல்லா நட்சத்திரமும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதியாக ஆறிப் போய்விடும் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். 19 வயதுப் பையன் கடலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டபோது வேறு விடை வந்தது. வெண்குள்ளனுக்குள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. அதனால் ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்த்தார். சேர்த்தால், வெண்குள்ளன் ஓர் எடைக்கு மேல் தாங்காது. இன்று நாம் சொல்லும் அளவு சூரியனைப் போல 1.4 மடங்கு. அதற்கு மேலே போனால் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் நொறுங்கி உள்ளே விழும். இதற்குத்தான் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

கேம்பிரிட்ஜில் 1933-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கணக்கை இன்னும் சுத்தமாக, முழுசாகப் போட்டு முடித்தார். எடிங்டன் அடிக்கடி இவருடைய அறைக்கு வந்து கணக்கு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் தன் முடிவைப் படித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அதே எடிங்டன். பரிசுப் புத்தகம் எழுதிய எடிங்டன்! ஒரு நட்சத்திரம் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தே தீரும் என்கிற மாதிரிப் பேசி, கணக்கே தப்பு என்றார். சபையே சிரித்தது. இவருக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் தரவில்லை. கணக்கு சரிதான் என்று பெரிய இயற்பியலாளர்கள் சிலருக்குத் தெரியும். ஆனா தனியாகச் சொன்னார்களே தவிர வெளிப்படையாக யாரும் எழுந்து சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு தடவை நான் சரியான விடை சொன்னேன். ஆனா எல்லோரும் சிரித்தார்கள். அன்று மத்தியானம் சத்துணவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அது ஒரு வகுப்பறை. இவருக்கு நடந்தது உலகமே பார்க்கிற சபையில். இவருக்கு அப்போது 24 வயது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி 1939-ல் வெளியிட்டுவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எடிங்டனோடு கடைசி வரை மரியாதையாகவே இருந்தார். எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி சம்மதம் இல்லை. கொஞ்சம் சத்தமாகவே சண்டை போட்டிருக்கலாம்.

நடுவில் 1936-ல் ஊருக்கு வந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இவருக்கு ஜூனியராக இயற்பியல் படித்த லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். லலிதாவின் பெரியம்மாதான் சிஸ்டர் சுப்புலட்சுமி. சிறு வயதில் விதவையான பெண்களைப் படிக்க வைப்பதற்கு ஐஸ் ஹவுஸில் விடுதி நடத்திய அதே சுப்புலட்சுமி. அந்தக் காலத்தில் ஒரு பெண் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். அதே பயணத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. கணித மேதை ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய்ப் பாஸ்போர்ட் படத்தை வாங்கி வந்தார். நம் கணக்குப் புத்தகத்தில் கோட்டு டை போட்டு முறைத்துப் பார்க்கிறாரே, அந்த ராமானுஜன் முகம் உலகத்துக்குக் கிடைத்தது அப்படித்தான்.

1937 ஜனவரியில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் அது. கடைசி வரை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். ஒரு துறையை எடுத்தால் பல வருடம் அதிலேயே கிடந்து, முழுசாகக் கரைத்துக் குடித்து, ஒரு தடிமனான புத்தகம் எழுதிவிட்டு அடுத்த துறைக்குப் போவது இவர் வழக்கம். அப்படி ஒளி வாயுவுக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியே வருகிறது என்று ஆராய்ந்த வருடங்களில், 1945-ல், ஒரு கட்டுரை எழுதினார். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

மேலே நான் சொன்னேனே, சூரியனின் வாயு கழன்று வெளியே போய்விடும் என்று. அந்த வாயு எங்கே போகும்? நட்சத்திரத்தைச் சுற்றி வண்ண வண்ணமாக ஒளிரும் கூடாக விரிந்துகொண்டே போகும். அதற்குக் கோள் நெபுலா என்று பெயர். கோளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வில்லியம் ஹெர்ஷல் 1780-களில் டெலஸ்கோப்பில் பார்த்தபோது கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார். தப்பான பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது விரிகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம் பஸ் ஹாரனை வைத்துச் சொல்கிறேன். பஸ் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தணிந்துவிடும். இது டாப்ளர் விளைவு. ஒளியிலும் இது உண்டு. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். 1918-ல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் கேம்பெல், மூர் இருவரும் பல நெபுலாக்களின் நிறமாலையை அளந்தார்கள். நடுப்பகுதியில் ஒரே கோடாக இருக்க வேண்டியது சிலவற்றில் இரண்டாகப் பிரிந்து இருந்தது. முன்பக்க ஓடு நம்மை நோக்கியும் பின்பக்க ஓடு அந்தப் பக்கமும் போகிறது என்று பிறகு புரிந்தது. வேகம் சாதாரணமாக விநாடிக்கு 20, 30 கிலோமீட்டர். அதாவது மயிலாப்பூரில் இருந்து தாம்பரம் போகிற தூரம் ஒரே விநாடியில்.

இப்போது 1945 கட்டுரைக்கு வருவோம். நெபுலாவில் ஹைட்ரஜன் அணு வெளியிடும் ஒரு புற ஊதா ஒளி இருக்கிறது. லைமன் ஆல்ஃபா என்று பெயர். அதில் ஒரு தொல்லை. ஓர் அணு விட்டதைப் பக்கத்து ஹைட்ரஜன் அணு உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டு வேறு எந்தத் திசையிலாவது விடும். அதை இன்னொன்று பிடிக்கும். பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா அன்று கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி, அந்த ஒளி வெளியே வரவே முடியாமல் இடிபட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடியும் வாயுவைக் கொஞ்சம் தள்ளும். வாயு அசையாமல் நின்றால் இந்தத் தள்ளுதல் சேர்ந்து சேர்ந்து ரொம்பப் பெரிதாகிவிடும். ஆனா வாயு விரிகிறதே! உள்ளே இருக்கிற வாயுவும் வெளியே இருக்கிற வாயுவும் வெவ்வேறு வேகத்தில் போனால் டாப்ளர் விளைவால் ஒளியின் நிறம் துளி மாறிவிடும். ரேடியோவில் முள் கொஞ்சம் நகர்ந்தால் ஸ்டேஷன் கிடைக்காதே, அது மாதிரி அடுத்த அணுவால் அதைப் பிடிக்க முடியாது. ஒளி தப்பித்து வெளியே ஓடிவிடும், தள்ளுதலும் குறைந்துவிடும். ஹாலந்து நாட்டு ஸான்ஸ்ட்ரா 1930-களிலேயே இதை யோசித்திருந்தார். விரிகிற நெபுலாவில் இந்தத் தள்ளுதல் எவ்வளவு இருக்கும் என்று சமன்பாடு எழுதி முறையாகப் போட்டுப் பார்த்தது நம் மயிலாப்பூர்க்காரர்.

அப்படியென்றால் வாயுவைத் தள்ளுவது வேறு எது? இது அவர் 60 வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. 1978-ல் குவோக், பர்ட்டன், ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று பேர் ஒரு விளக்கம் சொன்னார்கள். சிவப்பு அரக்கனாக இருக்கும்போது நட்சத்திரம் மெதுவாக, விநாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வாயுவை விடும். பிறகு சூடான நடுப்பகுதி வெளியே தெரிய ஆரம்பித்ததும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகமுள்ள மெல்லிய காற்று அதில் இருந்து வீசும். பின்னால் வந்த இந்த வேகக் காற்று முன்னால் போன சோம்பேறி வாயுவை இடித்து, வாசலில் விளக்குமாறு குப்பையைக் கூட்டுகிற மாதிரி ஒன்று சேர்த்து ஓடாக்கும். அதே 1978-ல் விண்ணில் விட்ட ஐ.யு.இ. என்ற செயற்கைக்கோள் அந்த வேகக் காற்றைப் பார்த்தும் விட்டது.

எல்லா நெபுலாவும் உருண்டையாக இருக்காது. சிலவற்றில் வாயு இரண்டு எதிர்த் திசையில் மட்டும் பீய்ச்சி அடிக்கும். நெபுலாவாக மாறிக்கொண்டிருக்கிற ஒன்றில் மணிக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு வேகம். அதில் கந்தகம் நிறைய இருப்பதால் அழுகிய முட்டை நெபுலா என்றே செல்லப் பெயர். (தம்பிகளே, சிரிக்காதீர்கள், உண்மை.)

இதற்கும் 1.4 எல்லைக்கும் சம்பந்தம் இருக்கிறது. நானே நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சூரியனைப் போல 4 மடங்கு, 6 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் இருக்கிறது. எல்லைப்படி அது நொறுங்கணும். ஆனா பெரும்பாலும் நொறுங்குவதில்லை. ஏன் என்றால் சாவதற்கு முன்பே வாயுவை ஊதி ஊதித் தள்ளி எடையைக் குறைத்துக்கொள்கிறது. பிறக்கும்போது சுமார் 8 மடங்கு வரை இருந்த நட்சத்திரம்கூட இப்படி இளைத்து, 1.4-க்குக் கீழே வந்து வெண்குள்ளனாகப் பிழைத்துக்கொள்ளும். சூரியனே பாதி எடையை விட்டுவிடும். அதற்கும் மேலே இருக்கிற பெரிய நட்சத்திரங்களால் அவ்வளவு ஊத முடியாது. அவை வெடித்து நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ ஆகும். ஆக, நட்சத்திரம் நொறுங்கக் கூடாது என்று எடிங்டன் ஆசைப்பட்டது நிறைய நட்சத்திரங்களுக்கு நடக்கத்தான் செய்கிறது. ஆனா கணக்கு தப்பு என்பதால் இல்லை, வாயு போய்விடுவதால். சபையில் சிரித்தவர்கள் யாருக்கும் 1935-ல் இது தெரியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தாளில் இடம் குறைகிறது. 1952-ல் இருந்து 1971 வரை வானியற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார். 1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். இன்று அது அடையாறுக்குப் பக்கத்தில் தரமணியில் இருக்கிறது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. கப்பலில் கணக்குப் போட்டபோது 19 வயது, பரிசு வாங்கியபோது 73. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். லலிதா அம்மையார் 102 வயது வரை வாழ்ந்து 2013-ல் மறைந்தார்.

அவர் இறந்த பிறகு அமெரிக்காவின் நாசா ஒரு பெரிய எக்ஸ் கதிர் டெலஸ்கோப்புக்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்தியது. சந்திரா என்ற பெயரைச் சொல்லி ஜெயித்த இரண்டு பேரில் ஒருவர் பத்தாம் வகுப்பு படித்தவர்! நம்மை விட ஒரு வகுப்புதான் மேலே. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலம் அதைக் கொண்டுபோனது. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் எய்லீன் கொலின்ஸ். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்.

அந்தச் சந்திரா டெலஸ்கோப் 2000-ல் பூனைக்கண் நெபுலாவைப் பார்த்தது. அது நம்மிடம் இருந்து சுமார் 3,000 ஒளி ஆண்டு தூரம். நடு நட்சத்திரத்தில் இருந்து வாயு விநாடிக்குச் சுமார் 1,800 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சென்னையில் இருந்து கன்னியாகுமரி போய் அதே விநாடிக்குள் திரும்பி வந்துவிடலாம், இன்னும் மிச்சம் இருக்கும். அது வெளி ஓட்டில் மோதும் இடத்தில் வாயு பல லட்சம் டிகிரி சூடாகி எக்ஸ் கதிர் வீசுகிறது. சாதாரண டெலஸ்கோப்பில் காலியாகத் தெரிகிற உள்பக்கம், சந்திராவில் நிரம்பித் தெரிகிறது.

கீழே நான் வரைந்திருப்பது அந்தப் பூனைக்கண்தான். வெளியே பச்சையும் சிவப்பும் ஓடு, நடுவில் வெள்ளைப் புள்ளி நட்சத்திரம். உள்ளே இருக்கும் எக்ஸ் கதிர் வாயுவை நாசா படத்தில் ஊதா நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஊதா ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிட்டதால் நீலம் போட்டிருக்கிறேன்.

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)